நங்கூரம் போட்டதும் பக்கத்துப் படகுக்காரர்களிடம் போய்ப் பேச வேண்டுமா?

பட்டர்வொர்த்_பாய்மரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். போன வருடம் 34 அடியில் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினோம். பினாங்கைச் சுற்றியே ஓட்டிப் பழகிவிட்டு, இந்த நவம்பரில்தான் முதல் தடவையாக லங்காவி வரை வந்திருக்கிறோம். இப்போது தெலாகா துறைக்கு வெளியே, அந்த இரண்டு செயற்கைத் தீவுகளுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருக்கிறோம். சுற்றி ஏழெட்டுப் படகுகள், பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள்.

வந்த அன்று மாலை நாங்கள் மெதுவாக உள்ளே வந்தபோது இரண்டு படகுகளில் ஆட்கள் எழுந்து முன்பக்கம் வந்து நின்றார்கள். வரவேற்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து என் மனைவி கையசைத்தாள். ஒருவர் லேசாகத் தலையாட்டினார், இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் நங்கூரத்தை இறக்கி முடிக்கும் வரை அசையவே இல்லை. யார் வீட்டு முற்றத்திலோ கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது எங்களுக்கு.

மறுநாள் நடந்ததுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. விடியற்காலையில் ஒரு படகு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டது. பாவம், தூரத்திலிருந்து வந்திருப்பார்கள் என்று மனைவி இடியப்பம் பிழிந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தனியாக டப்பாவில் போட்டுத் தந்தாள். ஏழரை மணிக்கு இரண்டு பேரும் டிங்கியில் (கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்ன ரப்பர் படகு) போய் படகின் பக்கவாட்டில் தட்டினோம். ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார், எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்றார், பாய்மரத்தைக் காட்டி ஏதோ சொன்னார், டப்பாவை வாங்கவே இல்லை. மேலே மஞ்சளாக ஒரு சின்னக் கொடி பறந்தது, அது அவர் ஊர்க் கொடி என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் பக்கத்தில் வந்தவர்களை இருப்பவர்கள்தான் வாங்க என்று கூப்பிடுவார்கள். கடலில் யார் முதலில் பேச வேண்டும்? எப்போது போகலாம்? எதையாவது கொண்டுபோவது தவறா? அடுத்து தாய்லாந்துப் பக்கம் போகும் எண்ணம் இருக்கிறது, அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குவா_வாசி எழுதியது:

வணக்கம் அண்ணா. ஒன்பது வருடமாக லங்காவியில் படகிலேயே குடியிருக்கிறேன், பாதி நாள் குவாவில், பாதி நாள் தெலாகாவில். முதலில் அக்காவிடம் சொல்லுங்கள், அந்த மனிதர் உங்களை அவமதிக்கவில்லை. அந்த மஞ்சள் கொடிதான் காரணம்.

அது க்யூ கொடி. வேறு நாட்டிலிருந்து வரும் படகு அதை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் முத்திரை வாங்கும் வரை அந்தப் படகில் இருப்பவர்கள் சட்டப்படி இன்னும் நாட்டுக்குள் வரவில்லை. வெளி ஆள் அந்தப் படகில் ஏறக் கூடாது, அங்கிருந்து எந்தப் பொருளும் கைமாறக் கூடாது. டப்பாவை வாங்கி, வேறு டப்பாவில் ஏதாவது போட்டுத் திருப்பித் தந்திருந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல் வந்திருக்கலாம். அவர் பாய்மரத்தைக் காட்டியது அந்தக் கொடியைப் பாருங்கள் என்றுதான். நீங்கள் பினாங்கிலிருந்து உள்நாட்டுப் பயணமாக வந்ததால் அந்தக் கொடியோடு உங்களுக்கு வேலையே இருந்திருக்காது, தெரியாமல் போனதில் தவறில்லை. தாய்லாந்துக்குப் போகும்போது நீங்களும் அதை ஏற்ற வேண்டும். அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு, வலப்பக்கக் குறுக்குக் கழியில் அந்த நாட்டின் கொடியைச் சின்னதாக ஏற்றுவார்கள். அதைப் பார்த்தீர்களானால் போய்ப் பேசலாம். அதுவரை தூரத்திலிருந்து கையசைப்பதோடு சரி.

அடுத்து, முன்பக்கம் வந்து நின்றவர்கள். அண்ணா, நானும் அப்படித்தான் நிற்பேன். நேற்று சாயங்காலம்கூட நின்றேன். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, உங்கள் நங்கூரம் தண்ணீரில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கிறார்கள். அவர்களுடைய சங்கிலி அடியில் எந்தத் திசையில் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காற்று இல்லாத நேரத்தில் படகு தன் சங்கிலிக்கு மேலேயே வந்து நிற்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நங்கூரம் படகுக்கு முன்னால் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் அது முப்பது மீட்டர் பின்னால் கிடக்கலாம். நீங்கள் அதன் மேல் போட்டுவிட்டால் இரவில் காற்று மாறும்போது இரண்டு படகும் தூக்கத்திலேயே ஒன்றோடொன்று வந்து சேரும். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வராது.

அதனால் யார் முதலில் பேச வேண்டும் என்று கேட்டால், வருகிறவர்தான். அதுவும் நங்கூரம் போட்ட பிறகு போய்ப் பேசுவதைவிட, போடுவதற்கு முன்பே பேசுவது நல்லது. நான் செய்வது இதுதான். உள்ளே வரும்போது நடக்கிற வேகத்தில் ஒரு சுற்று சுற்றுவேன், எந்தப் படகு எப்படி நிற்கிறது என்று பார்ப்பேன். போட நினைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படகை ஒட்டி, பேச்சு கேட்கும் தூரத்தில் போய், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள், நங்கூரம் எங்கே கிடக்கிறது, நான் அங்கே போட்டால் உங்களுக்குச் சரிப்படுமா" என்று கேட்பேன். கேட்டவுடன் அந்த முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். கையைக் கட்டி நின்றவர் கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கள், அங்கே ஆழம் நன்றாக இருக்கிறது என்று வழிகாட்டுவார். நம்மை அறிமுகம் செய்துகொள்ள இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சங்கிலிக் கணக்கும் இதில் சேர்த்திதான். தெலாகாவில் நீங்கள் நீர் வற்றிய நேரத்தில் 4 மீட்டர் ஆழத்தில் போட்டால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டரை மீட்டர் அளவுக்கு நீர் ஏறும், தண்ணீருக்கு மேல் படகின் முன்பக்க உயரம் ஒரு மீட்டர், ஆக ஏழரை. அதற்கு ஐந்து மடங்கு என்றால் 37 மீட்டருக்கு மேல் சங்கிலி வேண்டும். படகின் நீளம் பத்து மீட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 50 மீட்டர் ஆரத்தில் நீங்கள் சுற்றுவீர்கள், பக்கத்துக்காரரும் சுற்றுவார். எல்லாப் படகும் ஒரே மாதிரி சுற்றினால் பிரச்சினை இல்லை. இங்கே நீரோட்டம் திரும்பும்போது ஆழமான அடிக்கட்டை உள்ள நம் மாதிரிப் படகு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும், கட்டமரான் (இரட்டை உடல் உள்ள படகு, பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, அமைப்பு வேறு) காற்றைப் பார்த்து நிற்கும். சங்கிலிக்குப் பதில் கயிறு போட்டவர் இன்னும் அகலமாக அலைவார். அதனால்தான் முன்னால் வந்தவருக்கே உரிமை என்கிறோம். இடம் போதவில்லை என்றால் பின்னால் வந்தவர் நங்கூரத்தைத் தூக்கி வேறு இடத்தில் போட வேண்டும், அதில் கோபத்துக்கு இடமில்லை.

---

அலைமேல்_அக்கா எழுதியது:

உங்கள் மனைவியை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது தம்பி, இடியப்பம் பிழிவது படகு அடுப்பில் லேசான வேலையா? அந்த மனசை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரத்தையும் போகிற விதத்தையும் மட்டும் மாற்றினால் போதும்.

விடியற்காலையில் வந்து சேர்கிற படகு என்றால் அவர்கள் இரவெல்லாம் தூங்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை மாற்றி விழித்திருப்பார்கள், தனியாள் என்றால் இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று துண்டு துண்டாகத்தான் கண்ணை மூட முடியும். நங்கூரம் பிடித்ததும் அப்படியே விழுந்து தூங்குவார்கள். நாங்கள் முதல் தடவை தெலாகாவுக்கு வந்தபோது பதினான்கு மணி நேரம் தூங்கினோம், நடுவில் யாராவது தட்டியிருந்தால் நானும் முகம் கொடுத்திருக்க மாட்டேன். காலையில் வந்த படகுக்கு அன்று போகவே போகாதீர்கள், அல்லது மாலை நான்கரை, ஐந்து மணிக்கு மேல், அதுவும் அவர்கள் வெளியே வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால் மட்டும். எழுந்து வெளியே வந்துவிட்டார்கள் என்பதே கதவு திறந்திருப்பது மாதிரிதான்.

அப்புறம், தட்டுவது. படகுக்குள் படுத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் தெரியுமா, ஏதோ மரக்கட்டை இடித்துவிட்டது, இல்லை நங்கூரம் நழுவிப் போய் வேறு படகில் மோதிவிட்டது என்றுதான் நெஞ்சு பதறும். அதனால் தட்டவே வேண்டாம். டிங்கியைத் தூரத்திலேயே மெதுவாக்கி, அவர்கள் பார்க்கும் பக்கமாக வாருங்கள், பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து நிற்காதீர்கள். படகின் பின்படியில்தான் எல்லோரும் குளிப்பார்கள், சில ஊர்க்காரர்கள் துணியில்லாமலே குளிப்பார்கள், நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் பின்பக்கம் எழுதியிருக்கும், படித்துக்கொண்டு போங்கள். ஆளின் பெயர் தெரியாவிட்டாலும் படகின் பெயரைச் சொன்னால் போதும், இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையா, திரும்பி வந்துவிடுங்கள்.

வெளியே வந்தார்களானால் உங்கள் படகைக் கையால் காட்டி, அதோ அது எங்களுடையது என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் வரை படகின் கம்பியையோ விளிம்பையோ பிடிக்காதீர்கள், டிங்கியின் ரப்பர் வெள்ளைப் பெயின்டில் கறுப்பாகத் தேய்த்துவிடும். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூப்பிடவில்லை என்றாலும் மனதில் வைக்காதீர்கள், டிங்கியில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம், வாசலில் நின்று பேசுகிற மாதிரி. உள்ளே பாத்திரம் கழுவாமல் கிடக்கலாம், என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கலாம், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம்.

பொருள் கொண்டுபோவது பற்றிக் கேட்டீர்கள். முதல் சந்திப்பிலேயே சமைத்த சாப்பாடு கொடுத்தால் சிலருக்குச் சங்கடம், திருப்பி என்ன தருவது என்று யோசிப்பார்கள், ஒவ்வாமையும் இருக்கலாம். இரண்டு வாழைப்பழம், கரையில் வாங்கிய ரொட்டி, இல்லையென்றால் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், டிங்கியை எங்கே கட்டலாம், சந்தை எந்தக் கிழமை என்கிற தகவல், இதெல்லாம் புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய உபகாரம். இடியப்பம் இரண்டாம் நாளைக்கு. டப்பா திரும்பி வர வேண்டாத டப்பாவாக இருக்கட்டும்.

---

ஓய்வில்_மாலுமி எழுதியது:

வணிகக் கப்பல்களில் 31 வருடம் வேலை பார்த்தவன். எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் டிங்கியில் போய்த்தான் பேச வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. படகில் விஎச்எஃப் ரேடியோ எதற்கு இருக்கிறது? 16-ஆம் அலைவரிசையில் படகின் பெயரை இரண்டு முறை சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததும் 72-க்கு மாறச் சொல்லிவிட்டு அங்கே பேசலாம். 16-இல் கதை பேசவே கூடாது, அது ஆபத்துக்கும் அழைப்புக்கும் மட்டும். ரேடியோவில் கூப்பிட்டால் தூங்குகிறவர் பதில் சொல்ல மாட்டார், விழித்திருப்பவர் சொல்வார், யாருக்கும் தொந்தரவு இல்லை.

மஞ்சள் கொடி பற்றி ஒரு சேர்க்கை. பழைய காலத்தில் மஞ்சள் என்றால் கப்பலில் நோய் இருக்கிறது, கிட்டே வராதே என்று பொருள். இன்றைய சர்வதேசக் கொடி விதியில் அதே கொடிக்கு, என் கப்பலில் நோயில்லை, கரைக்கு வர அனுமதி கேட்கிறேன் என்று பொருள். பொருள் தலைகீழாக மாறிவிட்டாலும் அனுமதி வரும்வரை தள்ளி நில் என்பது மாறவில்லை.

கப்பல்களில் மரியாதை செய்வது என்றாலே கொடிதான். போர்க்கப்பலைக் கடக்கும்போது வணிகக் கப்பல் தன் நாட்டுக் கொடியைப் பாதிக்கு இறக்கும், போர்க்கப்பல் அதற்குப் பதிலாகத் தன் கொடியை இறக்கி ஏற்றும், அதன் பிறகே நாங்கள் எங்களுடையதை மேலே ஏற்றுவோம். இளம் அதிகாரியாக இருந்தபோது அந்தக் கொடிக் கயிற்றைப் பிடித்து நின்ற நாட்கள் எனக்கு இன்றும் பெருமையானவை. சின்னப் படகுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஆனால் பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து, இரவில் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, இவை இரண்டும் கட்டாயம். நான் நங்கூரத்தில் நிற்கிறேன் என்று பக்கத்துப் படகுக்கு மட்டுமல்ல, இருட்டில் பிறகு வரப்போகிறவருக்கும் சொல்கிறீர்கள். பல பாய்ப்படகுகளில் பந்தைப் போடுவதே இல்லை, பார்க்க வருத்தமாக இருக்கிறது.

---

குவா_வாசி எழுதியது:

ஐயா சொல்வது கப்பலுக்குப் பொருந்தும். இங்கே நங்கூரத்தில் கிடக்கும் படகுகளில் பாதிப் பேர் மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடியோவை அணைத்து வைத்திருப்பார்கள். இன்னொன்று, ரேடியோவில் பேசுவது அந்த விரிகுடா முழுக்கக் கேட்கும், அறிமுகமில்லாதவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர் மறுப்பதும் ஊருக்கே கேட்கும். இடம் கேட்க, எச்சரிக்க, ரேடியோ நல்லது. பழக, முகம் பார்த்துப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். பந்து விஷயத்தில் உங்கள் பக்கம்தான் ஐயா, நாளையிலிருந்து நானும் ஒழுங்காக ஏற்றுகிறேன்.

---

தென்பசிபிக்_திசை எழுதியது:

இரண்டு பருவம் ஃபிஜியில் படகோட்டியிருக்கிறேன். அங்கே பழகியது ஒன்று உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஃபிஜியின் வெளித்தீவுகளில் ஒரு கிராமத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டால், பக்கத்துப் படகுக்குப் போவதற்கு முன்னால் கரைக்குப் போக வேண்டும். செவுசெவு என்பார்கள். கவா செடியின் காய்ந்த வேரை அரைக் கிலோ அளவில் கட்டாகக் கட்டி, அதை முன்கூட்டியே பெரிய ஊர்ச் சந்தையில் வாங்கி வைத்திருப்போம், துராங்கா நி கோரோ என்று ஊர்ப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டு சொன்னால் தலைவரிடம் அழைத்துப் போவார். இடுப்பில் சூலு என்கிற அவர்கள் ஊர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல், பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைக்க வேண்டும். அவர் கையில் எடுத்து நல்வாக்கு சொன்னால் நாம் அந்த ஊரின் விருந்தாளி. அதற்கு முன் அங்கே நீந்துவதோ மீன் பிடிப்பதோ கூடாது, ஏனென்றால் அந்தப் பவளப்பாறையும் மீனும் அவர்களுடையது. முதல் தடவை எனக்கு நாக்கே எழவில்லை, பிறகு ஒரு பாட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார், அந்த மாலை முழுதும் அங்கேயே இருந்தேன்.

லங்காவியில் அப்படி ஒரு சடங்கு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் எல்லாம் யாட்டுக்காரர்கள்தான் இருக்கிறார்கள் அண்ணா. நாம் நங்கூரம் போடும் தண்ணீரில் நமக்கு முன்பிருந்தே வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பானில் (சின்ன மீன்பிடிப் படகு) ஒருவர் போனால் நின்று ஒரு செலாமாட் பாகி (காலை வணக்கம்) சொல்லுங்கள், உங்களுக்கு மலாய் நன்றாக வருமே, வெளிநாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி அது. இரவில் வலை எங்கே கிடக்கும், எந்தப் பக்கம் சேறு, எங்கே பாறை என்று கேட்டால் வரைபடத்தில் இல்லாததைச் சொல்வார்கள். அவர்கள் வலை போட்டிருக்கும் இடத்தில் டிங்கியை வேகமாக ஓட்டாதீர்கள். நங்கூரத்தில் நிற்கும் படகுகளுக்கு நடுவிலும் வேகம் கூடாது, அடுப்பில் கொதிக்கிற பானை அலையில் கவிழ்ந்து ஒரு பெண்ணுக்குக் கால் வெந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

---

பட்டர்வொர்த்_பாய்மரம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மஞ்சள் கொடி விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நாமதான் அவங்களைப் பயமுறுத்திட்டோம்" என்பதுதான்.

நேற்று மாலை பார்த்தோம், அந்தப் படகில் மஞ்சளை இறக்கி நம் நாட்டுக் கொடியை ஏற்றியிருந்தார்கள், இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சொன்ன மாதிரியே தள்ளி நின்று படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். நாங்கள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே மன்னிப்புக் கேட்டார். இந்தோனேசியாவின் சபாங்கிலிருந்து இரண்டு இரவு வந்திருக்கிறார்கள், மலாக்கா நீரிணையின் வாயில் கப்பல்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே மூடவில்லையாம். டிங்கியின் கயிற்றைத் தன் கையாலேயே வாங்கிக் கட்டினார். அந்த அம்மா அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டார், மனைவி கையாலேயே பிழிந்து காட்டி விளக்கினாள். நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

சங்கிலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் 40 மீட்டர், நான் 28 விட்டிருந்தேன். நீர் திரும்பும்போது அவர் என் பக்கம் வந்துவிடுவார் என்று அவருக்கு முன்பே ஒரு யோசனை இருந்திருக்கிறது, சொல்லத் தயங்கியிருக்கிறார். இன்று காலை நீர் வற்றிய நேரத்தில் நாங்கள் நங்கூரத்தைத் தூக்கி இன்னும் அறுபது மீட்டர் தெற்கே தள்ளி, 38 மீட்டர் விட்டுப் போட்டோம். அந்தக் கையைக் கட்டி நின்றவர் இன்றும் முன்பக்கம் வந்து நின்றார். நான் போட்டு முடித்துப் பின்னோக்கி என்ஜினைக் கொடுத்து நங்கூரம் பிடித்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாளை சாயங்காலம் அவரிடமும் போகிறோம்.